தலை பார்த்த பந்து

என் அப்பா வாழ்க்கையில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. பந்தை உதைத்தும் நான் பார்த்ததில்லை. காலடியில் வந்து நின்ற பந்தைக்கூடக் குனிந்து கையால்தான் எடுப்பார். "உதைச்சா தையல் போயிடும்" என்பார்.

முப்பத்துநாலு வருஷம் ஒரு தொழிற்சாலைக் கால்பந்து கிளப்பின் பந்துகளைப் பார்த்துக்கொண்டார். பதிவேட்டில் அவர் வேலைக்கு உபகரணக் காப்பாளர் என்று பெயர். மைதானத்தில் காத்தண்ணன். பந்துக்குக் காற்று அடிக்கிறவர், அதனால். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "காத்தண்ணனாம். காத்து கருப்பு மாதிரி."

அதற்கு முன் டயர் பஞ்சர் கடையில் இருந்தார். அவருக்கு இருபத்தேழு வயதிருக்கும்போது கிளப் செயலாளர் ஒரு பந்தைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாராம். ஏற்கெனவே இரண்டு கடைக்காரர்கள் கைவிரித்த பந்து. அப்பா அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, தையலைக் கொஞ்சமாகப் பிரித்து, உள்பையை ஒட்டி, மறுபடி தைத்துக் கொடுத்தார். மறுநாள் செயலாளர் ஏழு பந்தோடு வந்தார். அடுத்த மாதம் அப்பா மைதானத்துக்கே போய்விட்டார். "பந்துதான் என்னைத் தேடி வந்துச்சு" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கடைசிவரை பெருமை.

பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே அவர் அறை. பத்தடிக்கு எட்டடி. கூரை சரிந்து இறங்கும், கடைசி மூன்றடியில் நிமிர முடியாது. கம்பி அடுக்கில் இருபத்துநாலு பந்து. கால் பம்பு ஒன்று. காற்று அடிக்கும் ஊசிகள் அவர் சட்டைப் பையில். ஊசியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, பந்தில் செருகி, காற்று அடித்து முடித்ததும் ஒரு சோதனை உண்டு. மற்றவர்கள் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அப்பா விரலை நம்பவில்லை. டயர்க் கடையில் காய்த்துப்போன விரல்.

"விரல் பொய் சொல்லும் பாப்பா. நெத்தி சொல்லாது."

பந்தைத் தலைக்கு மேல் இரண்டு முழம் தூக்கிப் போடுவார். இறங்கும்போது நெற்றியால் முட்டுவார். டொப். உறுதி செய்ய இன்னொரு தடவை. டொப். சரி என்றால் அடுக்குக்குப் போகும். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் காற்று, மறுபடி இரண்டு முட்டு. இதற்கு மைதானத்தில் 'தலை பார்க்கிறது' என்று பெயர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கட்டும் ஆட்டக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் பந்தைத் தொடுவார்கள். "தலை பார்த்தாச்சா அண்ணே?" புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்பாள்: "ஏன், பந்துல பேன் இருக்கா?" அப்பா உள்ளேயிருந்து பதில் சொல்வார்: "இருக்கு. உன் தலையிலேர்ந்து ஏறினது."

எனக்கு வேலை அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது. பாய்லர், சிலிண்டர், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் குழாய், எதன் மானியாக இருந்தாலும் எங்கள் ஆய்வக மேசைக்கு வந்து, முத்திரை வாங்கித்தான் போகும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்பாவுக்கு நல்ல டிஜிட்டல் மானி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. உன் கல்யாணத்துக்கு வெச்சுக்கோ."

விடாமல் நானே அவருடைய இருபத்துநாலு பந்துகளையும் அளந்தேன். மிகக் குறைந்தது பதினாலு புள்ளி ஆறு பவுண்டு. மிக அதிகம் பதினைந்து. மொத்த வித்தியாசமே அரை பவுண்டுக்குள். எங்கள் மேசைக்கு வருகிற மானிகளில் பாதிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதை அவரிடம் சொன்னேன். "அதுக்குத்தான் நெத்தி" என்றார்.

விதிப்படி பந்தில் எட்டரையிலிருந்து பதினைந்தரை பவுண்டு வரை காற்று இருக்கலாம். அப்பாவின் பந்துகள் மேல் வரம்பை ஒட்டி இருந்தன. ஆட்டக்காரர்களுக்குப் பந்து கல்லு மாதிரி இருக்க வேண்டும். அதையும் குறித்துக்கொண்டேன். பந்தைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். நெற்றியைப் பார்க்கவில்லை. இதை எழுதாமல் இருக்க முடியாது.

அவருடைய அறுபத்தொன்றாம் வயதில் அம்மாதான் முதலில் கவனித்தார்.

"என்னங்க, சர்க்கரை டப்பாவுல ஊசி கிடக்கு."

"பின்ன எங்க வெப்பாங்க?"

அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வேலை முடிந்து ஒருநாள், ஒன்பது வருஷத்துக்கு முன் காலி செய்த வீட்டின் கதவைத் தட்டினார். அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். உட்காரவைத்து, எனக்குப் போன் செய்தார்கள்.

நரம்பியல் டாக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "தலையில அடி பட்டிருக்கா? விபத்து ஏதாவது? பாக்ஸிங், ஃபுட்பால் மாதிரி ஆடியிருக்காரா?"

"ஃபுட்பால் கிரவுண்டுலதான் வேலை டாக்டர். ஆடினதில்ல" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆடினதில்ல" என்றேன் நானும்.

'இல்லை' கட்டத்தில் டிக் விழுந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவரைக் கூட்டிவர மைதானத்துக்குப் போனேன். பயிற்சி தொடங்கவில்லை. கிளப்பின் பெண்கள் அணி பெஞ்சில் இருந்தது. நானும் உட்கார்ந்தேன். அறைக்குள்ளிருந்து டொப், டொப் என்று கேட்டது. எண்ணுவது என் பிழைப்பு, தானாக எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தெட்டு வந்ததும் சத்தம் நின்றது. சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். வீட்டில் கேலிக்கு ஆளான சத்தம். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு எண் வந்தது. வாரத்துக்கு மூன்று பயிற்சி, ஒரு மேட்ச். முப்பத்துநாலு வருஷம். ஆரம்பத்தில் பந்துகள் குறைவு என்று கழித்துப் போட்டாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றும் லேசான முட்டுதான். ஆனாலும் இரண்டு லட்சம்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன்.

"காரணமா இருக்கலாம். இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இந்த மறதி நோய்க்குக் காரணம் பல. ஒரே ஆளை வெச்சு முடிவு கட்ட முடியாது. ஆனா இனிமே ஒரு முட்டுகூட வேண்டாம்."

மறுநாள் பந்து அறையில் வைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பந்தைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். அழுவார் என்று பயந்தேன். அவர் மனசு வேறு எங்கோ போயிருந்தது.

"நான் தூக்கிப் போடறது ரெண்டு முழம். நாலாம் நம்பருக்குக் கோச் உதைச்சு அனுப்பறது அரை கிரவுண்டு தூரம். அவ வாரத்துக்கு எத்தனை முட்டறா?"

நாலாம் நம்பர் என்பது தற்காப்பில் நடுவே நிற்கும் பெண். தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை. உயரம். வானத்திலிருந்து எது இறங்கினாலும் அவள் தலைதான் முதலில் போகும். ஒரு பயிற்சிக்கு நாற்பது முட்டு என்று கணக்குச் சொன்னேன்.

"வாரத்துக்கு நூத்தி இருபது. மேட்ச் தனி" என்றார். மனக்கணக்கு இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. "அவளுக்கு இருபத்திரண்டு வயசு பாப்பா."

பந்தை அடுக்கில் வைத்தார்.

"எனக்கு மறக்கறதுக்குள்ள இதை முடிக்கணும்."

இரண்டு விஷயம் அவருக்கு வேண்டும். பந்து மென்மையாக வேண்டும். முட்டுவது குறைய வேண்டும். கோச்சிடம் நேராகப் போய்ப் பேசலாம் என்றேன். "பேசினா 'பந்து தொங்குது'ன்னு முதல் நாளே சொல்லிடுவான். நாம சொல்லிக் காதுல விழுந்தாத்தான் அவனுக்குப் பந்து மெதுவாயிடுச்சுன்னே தெரியும். முதல்ல ஆடட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

எனக்குத் தெரிந்த ஒன்றை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மானி ஒரே நாளில் பிசகினால் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எங்களுக்கு வேலையே இருக்கிறது. பயிற்சிக்கு அரை பவுண்டு வீதம் இறக்குவது என்று முடிவு செய்தோம். பதினைந்திலிருந்து ஒன்பதுக்குப் பன்னிரண்டு படி. கல்யாணத்துக்கு வைத்திருந்த மானியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு சிக்கல். மென்மையான பந்து மந்தமாகச் சத்தம் போடும். பெஞ்சில் இருப்பவர்களுக்கு அந்த டொப் மனப்பாடம். அப்பா யோசித்து, அடுக்கில் சேராத ஒரு பழைய பந்தை மட்டும் பழையபடி பதினைந்து பவுண்டில் வைத்துக்கொண்டார். மற்ற பந்துகளை மானியில் அளந்து அடுக்கில் வைத்தபின், கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பழைய பந்தை உள்ளங்கையால் நாற்பத்தெட்டு தடவை தட்டினார். ஒரே பந்து எல்லாருக்காகவும் பரீட்சை எழுதியது. மற்ற இருபத்துநாலும் ஆள்மாறாட்டத்தில் பாஸ்.

முதல் நாள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது நாலாம் நம்பர் கேட்டாள். "தலை பார்த்தாச்சா அண்ணே?"

"நூத்துக்கு நூறு."

அன்று பிற்பகல் முழுவதும் அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. நோய் வந்தபின் நான் பார்த்த நல்ல நாட்களில் அது ஒன்று.

ஒரு மாதம் ஓடியது. அதற்குள் நாலு மேட்ச். இரண்டு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. தோற்றதற்குக் கோல் கீப்பரைத் திட்டினார்கள், பந்தை யாரும் திட்டவில்லை. ஒன்பது பவுண்டைத் தொட்ட வாரம் அப்பா கோச்சை அறைக்குள் கூப்பிட்டார். நானும் இருந்தேன். கோச் நாற்பது வயதுக்காரர், ஒருகாலத்தில் அதே கிளப்பின் தற்காப்பு ஆட்டக்காரர். சரிந்த கூரையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றார்.

"கோச், இந்த மாசம் பந்து எப்படி?"

"எப்பவும் போலத்தான். ஏன் அண்ணே?"

அப்பா மானியைச் செருகிக் காட்டினார். ஒன்பது. கோச் குனிந்து பார்த்தார். வேறு பந்தை எடுத்துக் கொடுத்தார். ஒன்பது. இன்னொன்று. ஒன்பது.

"மானி பழுதா?"

"என் பொண்ணு வேலையே அதான். அவளைக் கேளு."

"பழுதில்ல சார்" என்றேன்.

"அப்போ தினமும் தலை பார்த்தீங்களே!"

அப்பா பழைய பந்தை எடுத்து உள்ளங்கையால் தட்டினார். டொப். கோச்சின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு படிக்கட்டு அதிரச் சிரித்தார்.

"அண்ணே, நீங்க பெரிய ஆளு."

"விதியிலயே எட்டரைக்கு இடம் இருக்கு கோச். நெத்திக்கு வர்ற அடி குறையும். ஆட்டம் மாறலன்னு நீயே ஒரு மாசம் சாட்சி."

அதை அவர் ஒப்புக்கொண்டார். மழையில் நனைந்த பந்தைப் பாதியில் மாற்றவும் ஒப்புக்கொண்டார். இரண்டாவது விஷயத்தில்தான் முகம் மாறியது.

"வாரத்துக்கு ஆளுக்குப் பத்து முட்டு. அதுக்கு மேல வேண்டாம்" என்றார் அப்பா.

"பத்தா? நாலாம் நம்பருக்கு வாயைக் கொப்பளிக்கக்கூடப் பத்தாது. பயிற்சி இல்லாம எப்படி முட்டுவா? நேரம் தப்பினா அப்பதான் அடி பலமா விழும்."

அது நியாயமான கேள்வி. அப்பாவும் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. அடுக்கின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் பந்தை எடுத்தார். அதே அளவு, எடை மட்டும் இல்லை. "குதிக்கறது, நேரம் பார்க்கறது, கழுத்தை இறுக்கறது எல்லாம் இதுல பழகட்டும். நிஜப் பந்து பத்து போதும்."

"இது சின்னப் புள்ளைங்க பொம்மை அண்ணே. என் காலத்துல நாங்க நூறு முட்டுவோம். எனக்கு என்ன ஆச்சு?"

"உனக்கு ஒண்ணும் ஆகல. இன்னிக்கு என்ன கிழமை கோச்?"

"செவ்வாய்."

"காலையில பாப்பா எனக்கும் சொன்னா. மறந்துட்டேன்." அப்பாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, பந்தின் எடையைச் சொல்வது போல. "நான் ஒரு மேட்ச் ஆடல, ஒரு கோல் போடல. பந்து சரியா இருக்கான்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

கோச் என்னைப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது.

"அப்பா, பந்தாலதான்னு டாக்டர் சொல்லல" என்றேன். எனக்கு அளவீடு தவறக் கூடாது. அந்த நேரத்திலும்.

"தெரியலன்னு சொன்னாங்க. தெரியலன்னா குறைச்சுக்கறதுதானே புத்தி? கண்ணு தெரியாத எடத்துல வண்டியை வேகமாவா ஓட்டுவாங்க?"

கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே பெஞ்சில் ஷூ கட்டும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. நாலாம் நம்பர் உள்ளே தலையை நீட்டினாள்.

"கோச், நான் ஒண்ணு சொல்லலாமா? பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குப் போனா எனக்கு ராத்திரி வரைக்கும் தலைவலி. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சு சொல்லல."

"எத்தனை நாளா?"

"இந்த மாசம் கொஞ்சம் கம்மி. ஏன்னு இப்பதான் புரியுது."

கோச், அப்பா கையிலிருந்த ஸ்பாஞ்ச் பந்தை வாங்கி, தன் நெற்றியில் இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டு வெளியே போனார். அன்று மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதைத்தான் வீசினார். பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி "கோச், பலூனும் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தாள். மறுவாரம் அறைக்கதவில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே பத்துக் கோடு. தலைவலி என்று சொன்ன ஆள் அந்த வாரம் பந்தைத் தலையால் தொடக் கூடாது என்று கீழே கோச் தன் கையால் எழுதியிருந்தார். முந்தின சீசனில் அணிக்கு மூன்றாம் இடம். அந்த சீசனிலும் மூன்றாம் இடம்.

அப்பா அந்தப் பலகையை முதல் முறை பார்த்தபோது கோடுகளைத்தான் எண்ணினார். பத்து இருந்தது. திருப்தி.

அதற்குப் பிறகு நோய் வேகமாக நகர்ந்தது. முதலில் வழிகள் போயின, பிறகு பெயர்கள். என்னை அம்மா என்று கூப்பிட்டார், அம்மாவை டீச்சர் என்று. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷம் பாடம் எடுத்தேனே, ஒண்ணாவது ஏறுச்சான்னு பார்ப்போம்" என்று அவருக்குச் சட்டை மாட்டுவார். சட்டைப் பையைத் தடவி ஊசி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் பொத்தான் போடுவார்.

இந்த நோயில் உள்ளே என்ன நடந்தது என்பதை, ஆள் இறந்தபின் மூளையைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இன்னும் தெளிவாக இருந்த காலத்திலேயே அப்பா அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார். அம்மா வேண்டாம் என்று மன்றாடினார். "முப்பத்துநாலு வருஷம் பந்துக்கு நான் தலை பார்த்தேன். எனக்கு அவங்க பார்க்கட்டும்" என்றார் அப்பா. "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றபடி அம்மாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுத்தோம், அறிக்கை இன்னும் வரவில்லை. எது வந்தாலும் ஒரு மனிதனின் அளவீடு அது. அதை மட்டும் வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இதுபோல் சேர்ந்துவரும் அளவீடுகளின் வரிசையில் ஒன்று கூடும். எனக்கு அது போதுமா என்று கேட்டால், போதாது. வேலைக்குப் போகிறேன். மானிகள் வருகின்றன. பார்க்கிறேன்.

அவர் போவதற்குப் பதினொரு வாரம் முன்பு கடைசியாக மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சாயங்கால வெயில். பெஞ்சில் உட்காரவைத்தேன். அறை இப்போது வேறு ஒருவர் பொறுப்பில் இருந்தது. மானி கம்பி அடுக்கில் தொங்கியது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவர் முன் குந்தி, "அண்ணே, என்னைத் தெரியுதா?" என்று கேட்டார்கள். எல்லோரிடமும் தெரியும் என்றார். பொய் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்தது. அப்பா குனிந்து கையால் எடுத்தார். எழுந்து நின்றார். என் பெயர் போன பிறகும் உடம்பில் அது மட்டும் போகவில்லை. பந்தை இரண்டு முழம் மேலே தூக்கிப் போட்டு நெற்றியை நீட்டினார்.

நான் எழுவதற்குள் நாலாம் நம்பர் ஓடிவந்து, அவர் தலைக்கு மேலேயே பந்தைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, உங்க பத்து முடிஞ்சுது."

"என்ன பத்து?"

"வாரத்துக்குப் பத்துதான். அதுக்கு மேல யாரும் முட்டக் கூடாது. சட்டம்."

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாரு போட்ட சட்டம்?"

விசிலை வாயிலிருந்து எடுத்தபடி கோச் நடந்து வந்தார். "நீங்கதான் அண்ணே."

"நானா?"

"நீங்களேதான்."

அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கோச் மைதானத்துக்குத் திரும்பி, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நிஜப் பந்தை வீச ஆரம்பித்தார். அவள் குதித்து முட்டினாள். பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. அன்றைய கிழமை தெரியாத, என் பெயர் தெரியாத மனிதர், ஒன்று என்றார். அடுத்த பந்துக்கு இரண்டு. ஒன்றுகூடத் தவறவில்லை. பத்து வந்ததும் கையைத் தூக்கினார்.

"போதும். அந்தப் பொண்ணை உட்காரச் சொல்லு."

கோச் விசில் ஊதினார்.